கொரிய முகமூடிக் கூத்துல கையில இருக்கிற சாமான்

நம்ம காரைக்குடி பக்கம் திருவிழா ராத்திரி நாடகம் பார்த்தவங்களுக்குத் தெரியும், ராஜபார்ட் வாளை உருவிக்கிட்டு எவ்வளவு வசனம் பேசினாலும் கூட்டம் முழிச்சு உக்காந்திருக்கிறது பபூனுக்குத்தான். கொரியாக்காரங்களோட தால்ச்சும் (முகமூடிக் கூத்து, 2022ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு) அதே ஜாதிதான், பெரிய மனுஷங்களை மேடையேத்தி மானத்தை வாங்குறது. எல்லாரும் முகமூடியைப் பத்தியே எழுதுறாங்க, எனக்கு என்னமோ கையில இருக்கிற சாமான்தான் கண்ணுல நின்னுச்சு.

பொங்சான்ங்கிற வட்டாரத்துக் கூத்துல நோஜாங்னு ஒரு கிழட்டு புத்த பிக்கு வர்றாரு, கருப்பு முகம், கையில தடி, விசிறி, கழுத்துல ஜெபமாலை. ஒரு வார்த்தை பேசமாட்டாரு. கூட உக்காந்து வீடியோ பார்த்த அப்பத்தா "ஏன்டி, இவன் ஊமையா?"ன்னாங்க. ஊமையில்ல, அவரோட சாமான்தான் பேசுது. சின்னப்பொண்ணு சோமு ஆடுறதைப் பார்த்து மயங்கி, ஜெபமாலையைக் கழட்டி அவ கழுத்துல போடுறாரு, அவ கழட்டித் தரையில வீசுறா, பொறுக்கிட்டு வந்து திரும்பவும் போடுறாரு. இத்தனை வருஷத் துறவும் போச்சுன்னு சொல்ல இதுக்கு மேல வசனம் எதுக்கு? அப்புறம் சுய்பாரின்னு ஒரு குடிகாரன், சிவந்த மூஞ்சி, முழங்கால்ல பெரிய மணி, கையில பச்சை வில்லோ கிளை, வந்து கிழவரை அடிச்சு விரட்டிட்டு பொண்ணைக் கூட்டிக்கிறான். குளிர்காலத்தைக் கோடை விரட்டுறதுதான் இதுன்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க, அந்தப் பச்சை இலையைப் பார்த்தா எனக்கும் சரின்னுதான் படுது.

யாங்பான், அதாவது மேல்குடி ஆளுங்க, அவங்க கௌரவமே விசிறியிலதான். பொங்சான்ல மூணு யாங்பான் அண்ணன் தம்பிங்க, கடைசித் தம்பி வாயே திறக்காம அந்த விசிறியாலேயே அண்ணனுங்க மூஞ்சியில அடிச்சுக்கிட்டே இருக்கான், இவங்களைக் கூட்டிட்டு வர்ற வேலைக்காரன் மால்துகி கையிலதான் சாட்டை இருக்கு! வேலைக்காரன் கையில சாட்டையைக் குடுத்தவன் லேசுப்பட்ட ஆள் இல்ல.

ஆண்டோங் நகரத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஹாஹோ கிராமத்துக் கூத்து வேற மாதிரி, அங்க முகமூடியெல்லாம் மரத்துல செஞ்சது, யாங்பானுக்குத் தாடை தனியா ஆடும், தலையை நிமித்தினா சிரிப்பு குனிஞ்சா கோவம். அதுல கசாப்புக்காரன் கோடாலியால மாட்டை வெட்டி, அதோட விரையை வீரியத்துக்கு நல்லதுன்னு விக்க வர்றான், யாங்பானும் படிச்ச பண்டிதரும் எனக்கு உனக்குன்னு இழுத்துக்கிறாங்க, கீழ விழுந்ததை இடுப்புல சுரைக்குடுவை கட்டின ஏழைக் கிழவி எடுத்துக் காட்டி ரெண்டு பேரையும் கிழிக்கிறா. அப்பத்தா "ஆத்தாடி"ன்னு வாயைப் பொத்திக்கிட்டு, அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னாங்க.