நாற்பது நிமிடக் கோமாளி: பதினொரு பிறந்தநாள் விழாக்களின் குறிப்புகள்

வார நாட்களில் எனக்கு வேறு வேலை. விடுமுறை நாட்களில் மட்டும் கோமாளி. இதுவரை பதினொரு பிறந்தநாள் விழாக்களில் நிகழ்ச்சி செய்திருக்கிறேன். எல்லாமே தெரிந்தவர்கள் வீட்டிலோ, அவர்களுக்குத் தெரிந்தவர்கள் வீட்டிலோ நடந்தவை. ஒவ்வொன்றும் முடிந்த இரவே நோட்டில் எழுதிவைத்துவிடுவேன். அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன். பந்து வீசிப் பிடிப்பது, கைக்குட்டை மறைப்பது போன்றவற்றைக் கற்றுக்கொள்ள வழிகள் ஏராளம். நாற்பது நிமிடத்தை எப்படிப் பிரிப்பது, எங்கே சத்தத்தை ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதுதான் எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை.

முதல் நிகழ்ச்சிக்கு 14 ஐட்டங்கள் வைத்திருந்தேன். வீட்டில் கண்ணாடி முன் செய்து பார்த்தபோது 43 நிமிடம் வந்தது. விழாவில் 22 நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. கையில் ஒன்றும் இல்லை, எதிரே பதினாறு குழந்தைகள். மீதி நேரத்தைப் பலூன் ஊதியே ஓட்டினேன். பதற்றத்தில் வேகமாகச் செய்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். நண்பர் எடுத்த வீடியோவைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. குழந்தைகள் சிரிக்கத் தொடங்கும்போதே நான் அடுத்த பொருளைக் கையில் எடுத்துவிடுகிறேன். ஐந்தாறு முறை இப்படி ஆனதும் அவர்கள் சிரிப்பதையே விட்டுவிட்டார்கள். சிரித்துக்கொண்டிருந்தால் அடுத்ததைத் தவறவிட்டுவிடுவோம் என்று கண்ணை மட்டும் அகல விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சிக்கு 14 ஐட்டத்தை 6 ஆக்கினேன். இன்றுவரை ஆறுதான். தொப்பி கீழே விழுகிறது. உடனே எடுக்கக் கூடாது. முதலில் தொப்பியைப் பார்க்க வேண்டும், பிறகு குழந்தைகளைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது பார்வையில்தான் சிரிப்பு வெடிக்கிறது. அது ஏறி, உச்சிக்குப் போய், பாதி இறங்கும்வரை அசையாமல் இருக்கிறேன். முழுக்க அடங்கவிட்டால் கவனம் சிதறிவிடும், பாதி இறங்கியதும் அடுத்த அசைவு. இதைப் பழக எனக்கு நாலு நிகழ்ச்சிகள் தேவைப்பட்டன. அசையாமல் நிற்பது மேடையில் மிக நீளமாகத் தோன்றும். வீடியோவில் அளந்து பார்த்தால் மூன்று நொடி.

நுழைவு தனிக்கதை. இரண்டாவது விழாவில் முகம் முழுக்க வெள்ளை, பெரிய சிவப்பு வாய், கையில் ஊதல் என்று கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு பிள்ளைகள். அறையை மீட்டெடுக்கக் கால் மணி நேரம் ஆனது. வெள்ளை முகம் பெரிய அரங்குகளில் வளர்ந்த ஒன்று. ஜோசப் கிரிமால்டி (1778–1837) லண்டன் நாடகக் கொட்டகைகளில் அப்படித்தான் பூசிக்கொண்டு நின்றார். கடைசி வரிசைக்கும் முகபாவம் தெரிய வேண்டிய இடம் அது. இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த முகம் ரொம்பப் பெரிது.

இப்போது நான் மூக்கு இல்லாமல்தான் உள்ளே வருகிறேன். கன்னத்தில் கொஞ்சம் நிறம், புருவம் சற்று மேலே, அவ்வளவுதான் மேக்கப். பையை வைத்துவிட்டு ஓர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து ஷூவை மாற்றுவேன். ஒரு ஷூ இடது, இன்னொன்றும் இடது. குழந்தைகள் ஒவ்வொருவராக நெருங்கி வருவார்கள். கடைசியில் அவர்கள் கண்ணெதிரே சிவப்பு மூக்கை எடுத்து மாட்டுவேன். அந்தக் கணத்தில்தான் நிகழ்ச்சி தொடங்குகிறது. 1956-ல் பாரிஸில் நாடகப் பள்ளி தொடங்கிய ஜாக் லெகோக், சிவப்பு மூக்கை உலகிலேயே மிகச் சிறிய முகமூடி என்பார். அந்த மனிதர்தான் இந்தக் கோமாளி என்று குழந்தை கண்ணால் பார்த்துவிட்டால் பயம் பெரும்பாலும் வருவதில்லை. இந்த மாற்றத்துக்குப் பிறகு நடந்த ஒன்பது விழாக்களில் ஒரே ஒரு பிள்ளைதான் அழுதது. அது பசியில் அழுதது என்று அதன் பாட்டி சொன்னார்.

முகத்தைப் பற்றி இன்னொன்று. முதலில் ஏதோ ஒரு படத்தைப் பார்த்து அதை அப்படியே வரைந்துகொண்டேன். 1946-ல் லண்டனில் ஸ்டான் புல்ட் என்பவர் கோமாளிகளின் முகங்களை முட்டை ஓட்டில் வரைந்து சேர்க்கத் தொடங்கினார் என்று பின்னால் படித்தேன். ஒருவர் முகத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற மரபு இந்தக் கலையில் அவ்வளவு ஆழமானது. அன்றைக்கே அந்த முகத்தைத் துடைத்துப்போட்டேன். இப்போது இருப்பது சின்ன முகம், ஆனால் என் முகம்.

அடுத்தது, கூச்சல். கோமாளி தேடும் பொருள் அவன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அவனுக்கு மட்டும் தெரியாது. இந்தப் பழைய விளையாட்டு எந்த விழாவிலும் தோற்றதில்லை. முதல் தடவை மூன்று பேர் "பின்னாடி! பின்னாடி!" என்பார்கள். இரண்டாவது தடவை எல்லோரும் கத்துவார்கள். மூன்றாவது தடவை முழங்காலில் எழுந்து நிற்பார்கள். நாலாவது தடவை ஓடி வருவார்கள். அதை ஐந்தாவது விழாவில்தான் கற்றேன். சிரிப்பு நன்றாக வருகிறதே என்று ஐந்து முறை இழுத்தேன். ஒரு பையன் ஓடிவந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தான், அவன் பின்னால் ஏழெட்டுப் பேர், சாமான் மேசை சாய்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. ஓடி வரும் அளவுக்குச் சூட்டைக் கிளப்பியது நான்தானே. இப்போது மூன்றாவது தடவையோடு கண்டுபிடித்துவிடுகிறேன். அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

அதைத் தொட்டடுத்து மயிலிறகு. நீளமான ஓர் இறகை விரல் நுனியில் நிமிர்த்தி நிறுத்துவது. பார்வை விரலில் இருக்கக் கூடாது, இறகின் உச்சியில் இருக்க வேண்டும், அப்போதுதான் சாயாது. பேச்சு இல்லை, இசை இல்லை. இரண்டு நிமிடத்துக்கு முன் கூரை அதிரக் கத்திய அதே பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். முன்பெல்லாம் கூச்சலை அடக்க நானும் கத்துவேன், அவர்கள் அதற்கு மேல் கத்துவார்கள். இப்போது குரலை இறக்குகிறேன். காதில் விழாதபோது அவர்களே முன்னால் சாய்ந்து, பக்கத்தில் இருப்பவனை "உஷ்" என்கிறார்கள்.

ஆறாவது விழாவிலிருந்து ஐட்டங்களின் பெயரை எழுதுவதற்கு முன்னால் தாளில் ஓர் அலைக்கோடு வரைந்துகொள்கிறேன். மேலே போகும் இடம், கீழே வரும் இடம். பிறகுதான் எந்த வளைவில் எது என்று முடிவு செய்வது. இரண்டு மேடு அடுத்தடுத்து வந்தால் ஒன்றை எடுத்துவிடுவேன், எனக்கு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும். பிடித்த ஓர் ஐட்டம் அப்படித்தான் ஐந்து விழாவாகப் பையைவிட்டு வெளியே வரவில்லை.

பலூனுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உருவம் செய்யும் நீளப் பலூனை 260 என்பார்கள். ஊதினால் 2 அங்குலப் பருமன், 60 அங்குல நீளம், அதனால் அந்த எண். ஒரு நாய்க்குட்டி செய்ய வீட்டில் எனக்கு 50 நொடி. விழாவில் நிறம் கேட்டு, உருவம் கேட்டு, "அவனுக்குக் கொடுத்த மாதிரி வேணும்" என்று மாற்றிக் கொடுத்தால் இரண்டரை நிமிடம். 19 பிள்ளைகளுக்கு நாற்பத்தேழரை நிமிடம் ஆகிறது, நிகழ்ச்சியைவிட நீளம். வரிசையில் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய காத்திருப்பு! அதனால் நிகழ்ச்சிக்குள் ஒரே ஒரு பலூன்தான் செய்கிறேன். மற்றவர்களுக்கு முன்கூட்டியே ஒரே உருவம், ஒரே நிறத்தில் செய்து பெற்றோரிடம் கொடுத்துவிடுகிறேன். கிளம்பும்போது வாசலில் தருவார்கள். வாள் செய்வதை நிறுத்திவிட்டேன். ஊதாத பலூனும் வெடித்த துண்டும் எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. துண்டுகளை நானே பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன், ரொம்பச் சின்னவர்களுக்கு ஸ்டிக்கர்தான். ரப்பர் ஒவ்வாமை யாருக்காவது இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுகிறேன்.

போனில் கேட்பவை அதிகமாகிவிட்டன. எத்தனை பேர், என்ன வயது, எங்கே உட்காருவார்கள், எனக்கு முன்னால் என்ன நடக்கும், பின்னால் என்ன நடக்கும். ஓடி விளையாடி முடித்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்பு என்றால் அதைவிட நல்ல நேரம் கிடையாது. தட்டு கையில் இருக்கும்போது எந்தக் கோமாளியாலும் ஒன்றும் செய்ய முடியாது. விழாக்கள் தாமதமாகத்தான் தொடங்குகின்றன. அதற்காக ஒவ்வோர் ஐட்டத்துக்கும் மூன்று அளவு எழுதி வைத்திருக்கிறேன்: குட்டை, வழக்கம், நீளம். மயிலிறகு 2, 4, 6 நிமிடம். ஏழாவது விழாவில் நாற்பது நிமிடத்தை இருபத்தைந்தாகக் குறைக்கச் சொன்னார்கள். எதையும் வெட்டாமல் முடித்தேன், அன்று மிகவும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

எட்டு, ஒன்பது வயதுக்காரர்கள் பின்வரிசையில் இருந்துகொண்டு "எனக்குத் தெரியும், கைக்குள்ள இருக்கு" என்பார்கள். இதற்குச் சின்ன விடைதான். கோமாளிக்கு வித்தை தெரியாது, தப்புத் தப்பாகச் செய்வான், அவர்கள் வந்து சரி செய்து கொடுப்பார்கள். அதன்பின் அவர்கள் என் பக்கம்.

பிறந்தநாள் பிள்ளையைப் பற்றி எழுதத்தான் எனக்கு அதிக ஆசை. முதலில் எல்லாம் தொடக்கத்திலேயே முன்னால் அழைத்துவிடுவேன். அன்றைக்கு எல்லார் கண்ணும் ஏற்கெனவே அந்தப் பிள்ளை மேல்தான். அதற்கே வெட்கம், களைப்பு. இப்போது 25-வது நிமிடம் அளவில்தான் அதன் பகுதி வருகிறது. அதற்குள் என்னோடு பழகியிருக்கும். எட்டாவது விழாவில் ஒரு சிறுமி தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டாள். அவளை நம்பி எட்டு நிமிடம் வைத்திருந்தேன். வற்புறுத்த மனம் வரவில்லை. பையில் ஒரு கைமணி இருந்தது. அதை அவள் கையில் கொடுத்து, "நீ அங்கேயே உக்காந்துக்கோ. இதை அடிச்சா நான் அப்படியே நின்னுடுவேன்" என்றேன். அடித்தாள். ஒரு கால் தூக்கியபடி உறைந்தேன். மறுபடி அடித்தாள், நடந்தேன். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, அடுத்த எட்டு நிமிடமும் அறையையே ஆட்டிவைத்தாள். எப்போது நிறுத்தினால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தானாகவே தெரிந்தது. நான் தண்ணீர்க் குவளையை வாயருகே கொண்டுபோன சரியான நொடியில் அடித்தாள்! நான் ஆறு மாதம் போராடிப் பழகிய நிறுத்தம் அது. அன்றிலிருந்து மணி என் நிகழ்ச்சியின் நடுத்தூண். வெட்கப்படாத பிள்ளைக்கும் அதைத்தான் கொடுக்கிறேன்.

முடிவை மாற்றியதுதான் கடைசியாக நடந்தது. நீண்டநாள் வண்ணத்தாள் வெடியோடு முடித்தேன். பிள்ளைகள் குதித்துக்கொண்டே இருப்பார்கள், நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஒரு வீட்டில் அப்பா என்னிடம், "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. ஆனா இப்ப இவங்கள எப்படி உக்கார வைக்கிறது?" என்று கேட்டார். குறையாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே வழி தெரியாமல் கேட்டார். எனக்கு உறைத்தது. அன்றிரவு எம்மெட் கெல்லியின் (1898–1979) ஐட்டம் நினைவுக்கு வந்தது. அமெரிக்க சர்க்கஸில் கந்தல் உடையோடு துடைப்பத்தை எடுத்து, தரையில் விழும் விளக்கு வட்டத்தைப் பெருக்குவார். வட்டம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் அதையும் பெருக்கித் தள்ளிவிடுவார். அத்தனை பெரிய கூடாரத்தில் ஒரு மனிதனும் துடைப்பமும் மட்டும்.

ஒன்பதாவது விழாவிலிருந்து கடைசி ஐந்து நிமிடம் கைப்பாவை நாய்க்குட்டி வருகிறது. அதற்குத் தூக்கம். கொட்டாவி விடுகிறது, யாராவது சத்தம் போட்டால் விழித்துக்கொள்கிறது. குழந்தைகளே சேர்ந்து மெதுவாகத் தாலாட்டுகிறார்கள். தூங்கியதும் போர்வை போர்த்திப் பையில் வைத்து, மூக்கைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, நுனிக்காலில் வெளியேறுகிறேன். முதல் முறை செய்தபோது கதவருகே திரும்பிப் பார்த்தேன். பதினெட்டுப் பிள்ளைகளும் நுனிக்காலில் சாப்பிடும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னவன் தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான்.

பதினோராவது விழாவின் நேரத்தாள் இது: ஷூவும் மூக்கும் 5, கைக்குட்டைத் தப்புகள் 7, முதுகில் தொப்பி 6, மயிலிறகு 4, மணி 9, பலூன் 3, நாய்க்குட்டி 5. கூட்டினால் 39. நடந்தது 41. பலூனைச் சேர்க்காமல் ஆறு ஐட்டம்.

அடுத்தது இரட்டையர்களின் ஐந்தாவது பிறந்தநாள். ஒரு மணி கொடுத்தால் சண்டை வரும். வேறு வேறு ஒலியில் இரண்டு மணி எடுத்து வைத்திருக்கிறேன். பெரிய மணி அடித்தால் உறைவேன், சின்ன மணி அடித்தால் அசைவேன். இருவரும் ஒரே நேரத்தில் அடித்தால் என்ன செய்வது என்று இரண்டு நாளாக வீட்டில் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு, நடுங்கிக்கொண்டே மெதுவாக உட்காருவது நன்றாக வருகிறது.