நாடுகடந்த பண்பாடும் சமூகமும்: முதுகலை முடித்த கையோடு சில குறிப்புகள்

போன வாரம் முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன். கோட்பாட்டுத் தாளுக்கு எதிர்பார்த்ததைவிட நிறையவே வந்திருக்கிறது, ஆய்வேட்டுக்குக் கொஞ்சம் குறைச்சல். பாதி நிம்மதியிலும் பாதி கடுப்பிலும் எழுதுகிறேன். அங்கங்கே குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன தாள்கள், எத்தனை கிரெடிட், ஆய்வேடு எத்தனை சொற்களுக்குள் என்பதெல்லாம் உங்கள் துறைக் கையேட்டிலேயே இருக்கும். அதற்குள் நான் போகவில்லை.

சொல்ல வந்தது ஒன்றுதான். முதல் செமஸ்டரிலேயே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலைப்பைச் சொல்லவில்லை, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைச் சொல்கிறேன். ‘இடப்பெயர்வும் அடையாளமும்’ என்று தொடங்கினால் வகுப்பில் பாதிப்பேர் எழுதப்போகும் ஆய்வேட்டைத்தான் நீங்களும் எழுதுவீர்கள். சிம் கார்டு ஒரு பொருள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய ரசீது ஒரு பொருள். கப்பலில் போகும் கண்டெய்னர் ஒரு பொருள். நான் எடுத்துக்கொண்டது பாஸ்போர்ட்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நாட்டு எல்லைகளைத் தாண்டி ஓடும் வாழ்க்கையைப் பார்க்கும் இந்தப் படிப்புக்கென்று தனி எல்லை கிடையாது. மானிடவியல்காரர் ஒரு வாரம் வருவார், அடுத்த வாரம் இலக்கியக்காரர், அதற்கடுத்து ஊடகம், அப்புறம் வரலாறு. ‘பண்பாடு’ என்பதை நாலு பேரும் நாலு விதமாகப் புரிந்துவைத்திருப்பார்கள். பிடிமானம் எதுவும் இல்லாதவர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற மாதிரி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டாத ஒரு கட்டுக் காகிதத்தோடு நிற்பார். பொருள் ஒன்று கையில் இருந்தால் எந்த வகுப்பிலும் ஒரே கேள்விதான்: இந்த ஆசிரியர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்?

யோசனை என் சொந்தச் சரக்கு இல்லை. மானிடவியலாளர் ஜார்ஜ் மார்கஸ் 1995இல் பல்தள இனவரைவியல் (ஒரே ஊரில் தங்காமல் பல இடங்களில் களப்பணி செய்வது) பற்றி எழுதிய கட்டுரையில், மனிதர்களைப் பின்தொடரலாம், பொருளைப் பின்தொடரலாம், உருவகத்தை, கதையை, ஒரு வாழ்க்கையை, ஒரு மோதலைப் பின்தொடரலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறார். ஆய்வுமுறைத் தாளுக்கு எல்லாரும் இதைப் படிக்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். நான் அதைப் படிக்கும் முறையாகவே ஆக்கிக்கொண்டேன்.

பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு படித்தபோது என்ன நடந்தது என்று சொன்னால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் சமூகவியலாளர் ஜான் டார்பி. நகர்வதற்கான நியாயமான வழிகளைத் தனக்கே உரியதாக அரசு எப்படி ஆக்கிக்கொண்டது என்பது அவர் வாதம். சரி, பாஸ்போர்ட் என்பது அரசின் அதிகாரம் என்று குறித்துக்கொண்டேன். பிறகு அதன் வரலாற்றைத் தோண்டினால் 1920 பாரிஸ் மாநாடு வருகிறது. உலக நாடுகள் சங்கம் (League of Nations) கூட்டிய அந்த மாநாட்டில்தான் பாஸ்போர்ட் 32 பக்கப் புத்தகமாக இருக்க வேண்டும் என்ற பொது வடிவம் பேசப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, 1922இல், நான்சன் பாஸ்போர்ட். முதலில் நாடிழந்த ரஷ்ய அகதிகளுக்காக ஏற்பட்டது. எந்த நாட்டின் குடிமகனாகவும் இல்லாத ஒருவர் எல்லை தாண்ட ஒரு காகிதம். பின்னாளில் ஐகாவோ என்னும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் ஆவணம், இயந்திரம் படிக்கக்கூடிய பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது.

படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி ஓடுகிறதல்லவா, அதை ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். வரிக்கு 44 இடம். ரோமன் பேரெழுத்து, எண், காலி இடத்தை நிரப்பும் கோணக்குறி, இவை மட்டும்தான் அங்கே நுழையலாம். உங்கள் பெயர் எந்த எழுத்தில் பிறந்திருந்தாலும் இங்கே A முதல் Z வரைக்குள் அடங்கியாக வேண்டும். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத சமூகத்தில் பிறந்தவருக்கும் பெயரின் முதற்பகுதி, இரண்டாம் பகுதி என்று கட்டம் காத்திருக்கிறது. அட்டையில் தேசியச் சின்னம், உள்ளே முழுக்க சர்வதேச இலக்கணம். எனக்கு ஆய்வேடு கிடைத்தது இந்த இடத்தில்தான்: பார்த்தாலே ‘தேசம்’ என்று தோன்றும் ஒரு பொருளின் உருவம் நாடுகளுக்கு நடுவே முடிவானது.

அதற்குப் பிறகு கோட்பாட்டாளர்கள் தாமாகவே வரிசையில் வந்து நின்றார்கள். ஐவா ஓங் 1999இல் எழுதியது, ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறும் காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பாஸ்போர்ட்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்ட வசதிபடைத்தவர்களைப் பற்றி. குடியுரிமையை அவர்கள் முதலீடு போலக் கையாண்டார்கள். லெவிட்டும் கிளிக் ஷில்லரும் 2004இல் பிரித்துக் காட்டியது, எல்லை தாண்டிய உறவுகளோடு அன்றாடம் வாழ்வது வேறு, தான் இன்னாரைச் சேர்ந்தவர் என்று உணர்ந்து காட்டுவது வேறு என்பதை. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் மூன்று நாட்டு முத்திரை இருக்கும், எந்த நாட்டின் மீதும் பற்று இருக்காது. இன்னொருவரிடம் ஒரு முத்திரைகூட இருக்காது, தாத்தா காலத்து நாட்டை நினைத்து உருகுவார். இந்த வேறுபாட்டைத் தேர்வில் ஒரு பத்தியில் எழுத எனக்கு ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வாசிப்பு வரிசை. பாடத்திட்டம் தருவதை விட்டுவிட்டு இப்படிப் போங்கள்:

- விம்மர், கிளிக் ஷில்லர், 2002. முறையியல் தேசியவாதம், அதாவது நாட்டையே ஆய்வின் இயல்பான அலகாக வைத்துக்கொள்ளும் பழக்கம். முதல் வாரமே. இது புரியாமல் மற்றதைத் தொடுவது வீண். அவர்கள் சொல்லும் மூன்று வகையையும் (தேசத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது, இயற்கையானது என்று எடுத்துக்கொள்வது, ஆய்வை நாட்டின் எல்லைக்குள் அடைப்பது) உதாரணத்தோடு தெரிந்துவைத்திருங்கள்.
- பாஷ், கிளிக் ஷில்லர், சாண்டன் பிளாங்க், 1994. செயின்ட் வின்சென்ட், கிரெனடா, ஹைட்டி, பிலிப்பைன்ஸ் குடியேறிகளைப் பற்றியது. முன்னுரையும் ஒரே ஒரு கள அத்தியாயமும் போதும்.
- உடனே அதற்கு எதிர்வாதம்: வால்டிங்கர், ஃபிட்ஸ்ஜெரால்ட், 2004. இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆதரவு வாதத்தில் ஊறிப்போன பிறகு படித்தால் எரிச்சல்தான் வரும்.
- வெர்டோவெக், 1999. ‘நாடுகடந்த’ என்ற சொல் எத்தனை பொருளில் புழங்குகிறது என்று ஆறாகப் பிரித்துக் காட்டுகிறார். உங்கள் கட்டுரை ஆறில் எதைப் பேசுகிறது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடலாம்.
- அப்பாதுரை, 1990. கடைசியில்.

அப்பாதுரையை ஏன் கடைசியில் வைத்தேன்? மனிதர், ஊடகம், தொழில்நுட்பம், பணம், கருத்து என்ற ஐந்து ஓட்டங்களையும் மாணவர்கள் ஒப்பித்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கட்டுரையின் உயிர் ஐந்து என்ற எண்ணிக்கையில் இல்லை, அவை ஒன்றோடொன்று பொருந்தாமல் ஓடுவதில் இருக்கிறது. பணம் ஒரு நொடியில் போய்ச் சேரும் ஊருக்கு ஆள் போக விசாவுக்குக் காத்திருக்கிறார். இந்தப் பொருந்தாமையை எழுதினால் மதிப்பெண். பட்டியலை எழுதினால் தேர்ச்சி, அவ்வளவுதான்.

இன்னொன்று, ‘நாடுகடந்த’ என்ற பார்வை இணையம் வந்த பிறகு பிறந்தது என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்காவைப் பற்றி எழுத்தாளர் ரண்டால்ஃப் போர்ன் இந்தச் சொல்லை 1916இலேயே எடுத்தாண்டிருக்கிறார். இந்த ஒரு வரி முன்னுரையில் இருந்தால் போதும், திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

களப்பணி. அறநெறிக் குழுவிடம் மனு போடும்போது பாஸ்போர்ட்டைப் படம் பிடிக்க மாட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்தேன். எண், பிறந்த தேதி, முகம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும் ஆவணம் அது, கசிந்தால் ஆபத்து பங்கேற்பாளருக்கு. அதற்குப் பதில் ஒவ்வொரு நேர்காணலின்போதும் நோட்டில் கையால் வரைந்தேன்: எந்தப் பக்கத்தில் முத்திரை, எங்கே விசா, எந்தப் பக்கம் அழுக்கேறியிருக்கிறது. குழு கேள்வியே கேட்கவில்லை. கையால் வரைந்ததால் கவனமும் கூடியது.

அப்படி வரைந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அம்மா பழையதும் புதியதுமாகத் தன் பாஸ்போர்ட்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். பழையதன் அட்டை முனை வெட்டப்பட்டிருந்தது, ரத்தானது என்பதற்கு அடையாளம். ஆனால் காலாவதியாகாத விசா அந்த ரத்தான புத்தகத்துக்குள்தான் இருந்தது. செல்லுபடியாகும் புத்தகத்தைத் தனியே நீட்டினால் போக முடியாது, ரத்தானது கூட வந்தால்தான் வழி. கேட்டதும் அவர் முதலில் திறந்து காட்டியது பழையதைத்தான். புதியதில் பக்கங்கள் அப்படியே மடிப்புக் கலையாமல் இருந்தன. என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இந்த இரண்டு புத்தகங்களையும் சுற்றித்தான் போகிறது. ‘உங்கள் அடையாளத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தால் இது கிடைத்திருக்காது. அந்தக் கேள்வியை எந்த நேர்காணலிலும் கேட்காதீர்கள். தொலைக்காட்சியில் பேசுவதுபோல எல்லாரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நேர்காணல் பதிவை அன்றிரவே எழுத்தாக்கிவிடுங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. மென்பொருளிடம் விட்டால் இரண்டு மொழி கலந்து பேசுமிடத்தில் குழப்பிவைக்கும், அந்தக் கலப்புதான் உங்களுக்கு வேண்டிய தரவு.

படிப்புக் குழு பற்றிக் கேட்பீர்கள். நான் எதிலும் சேரவில்லை. எனக்குக் கூட்டத்தில் மூளை ஓடாது. சேர்ந்தவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், ஆகவே இதில் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இனிக் கடுப்பு.

இரண்டாம் மதிப்பீட்டாளர் என் ஆய்வேட்டில் எழுதியிருப்பதன் சாரம் இது: பாஸ்போர்ட் அரசு தரும் ஆவணம், ஆகவே இந்த ஆய்வு அரசை மையமாக வைத்த பார்வையைத் தாண்டவில்லை. அதாவது எந்த முறையியல் தேசியவாதத்தை எதிர்த்து முதல் அத்தியாயம் எழுதினேனோ, அதையே என் தலையில் கட்டிவிட்டார். அரசு கொடுக்கும் பொருள் என்பதால் அரசைத் தாண்டிப் பார்க்க முடியாது என்றால், கப்பலை வைத்து அட்லாண்டிக் கறுப்பினப் பண்பாட்டையே பேசிய கில்ராயை என்ன செய்வது? கப்பலிலும் கொடி பறக்கிறதே! நாடு கடந்து வாழ்கிறவர்கள் அரசைக் காற்றில் மிதந்து கடப்பதில்லை, கவுண்டரில் வரிசையில் நின்றுதான் கடக்கிறார்கள்.

இதற்குப் பதில் சொல்லும் ஒரு பத்தி முன்னுரையில் இருந்தது. சொல் எண்ணிக்கை மீறுகிறது என்று நெறியாளர் அதை அடிக்குறிப்புக்குத் தள்ளச் சொன்னார், தள்ளினேன். மதிப்பீட்டாளர் அடிக்குறிப்புப் பக்கமே போகவில்லை என்று கருத்துரையைப் பார்த்தாலே தெரிகிறது. மேல்முறையீடு செய்யலாமே என்றார்கள் நண்பர்கள். பல பல்கலைக்கழகங்களில் நடைமுறைப் பிழைக்குத்தான் அது செல்லும், மதிப்பீட்டாளரின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்கு இடமில்லை. விதியைப் படித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

உங்களுக்கு நான் சொல்வது: உங்கள் ஆய்வை வெறுக்கப்போகும் ஒருவர் என்ன சொல்வார் என்று யோசித்து, அதற்கான பதிலை முன்னுரையின் இரண்டாம் பக்கத்திலேயே வையுங்கள். சொல் குறைக்க வேண்டுமா, இலக்கிய மீளாய்வில் வெட்டுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

வாய்மொழித் தேர்வு, விறுவிறுவென்று:

- ‘இது வெறும் குடியேற்ற ஆய்வுதானே, இதில் நாடுகடந்தது எது?’ கட்டாயம் வரும். வந்து சேர்ந்தவர் புது நாட்டில் எப்படிப் பொருந்துகிறார் என்று கேட்பது குடியேற்ற ஆய்வு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடும் உறவைக் கேட்பது நம்முடையது. இரண்டே வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள்.
- ‘இது புதிதா?’ இல்லை என்று தொடங்குங்கள். கடிதமும் கப்பலும் இருந்த காலத்திலும் இருந்தது, மாறியிருப்பது வேகமும் அடர்த்தியும்.
- ‘யாரை விட்டுவிட்டீர்கள்?’ நகர முடியாதவர்களை. இதை அவர்கள் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள்.
- ‘கலப்பு’, ‘ஓட்டம்’, ‘எல்லையற்ற’ ஆகிய சொற்களைப் பேச்சில் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைக்கேள்வி காத்திருக்கும்.
- மேற்கோள் மென்பொருளில் ஆசிரியர் பெயர்களை ஒருமுறை சரிபாருங்கள். கிளிக் ஷில்லர் முழுவதும் சேர்ந்துதான் குடும்பப் பெயர். ஷில்லர் என்று மட்டும் எழுதினால் துறை தெரியாதவர் என்று முத்திரை குத்திவிடுவார்கள்.
- பொருளைக் கையோடு எடுத்துப் போங்கள். நான் என் பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தேன். அந்த இரண்டு வரியை விளக்கச் சொன்னார்கள், ஆளாளுக்குத் தங்கள் பெயர் எப்படி வெட்டுப்பட்டிருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள், நேரத்தில் பெரும்பகுதி அதிலேயே போனது. என் நான்காம் அத்தியாயத்தின் ஓட்டைக்கு யாரும் வந்து சேரவில்லை. இணையவழியில் நடந்தால் கேமரா முன் காட்டுவதற்கு முன் எண்ணை மறைத்து ஒரு காகிதம் ஒட்டிவிடுங்கள், பதிவு செய்வார்கள்.