முக்கால் அடி

காவிரி டெல்டாவில் வாய்க்கால் பாலம் கட்டுகிறவர்களுக்கு இரண்டு தேதிகள் மனப்பாடம். வழக்கமாக ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடுவார்கள், ஜூன் 12-இல் திறப்பார்கள். இடையில் கிடைக்கிற நாலரை மாதத்துக்குள் வாய்க்காலில் இறங்கிச் செய்ய வேண்டிய வேலை அத்தனையும் முடிந்தாக வேண்டும். தவறினால் அடுத்த கோடைதான். 2020-இல் அந்த நாலரை மாதத்திலும் ஒன்றரை மாதம் ஊரடங்கில் போய்விட்டது. என் பொறுப்பில் நான் தனியாகப் பார்த்த முதல் பாலம் அந்தக் கோடையில் கட்டியதுதான்.

இடம் முத்துப்பேட்டைக்கு வடக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை. மேட்டூரில் விட்ட தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரியும். எங்கள் வாய்க்கால் கோரையாற்றிலிருந்து பிரிகிற ஒரு சின்னக் கிளை. பல வருஷமாகத் தூர்ந்து, இரண்டு கரையிலும் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டி, நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்குத்தான் இடம் இருந்தது. அந்த வருஷம் அதைத் தூர்வார உத்தரவு வந்தது. கூடவே, குறுக்கே போகும் ஊர்ச் சாலைக்குப் புதுப் பாலமும்.

பழைய பாலம் என்பது மூன்று சிமெண்ட் குழாய்களை வரிசையாக வைத்து மேலே மண்ணைக் கொட்டியதுதான். இரண்டு குழாய் முழுக்க அடைத்திருந்தது. மூன்றாவதில் பாதி சேறு. வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் தண்ணீர் அந்த ஒரு ஓட்டைக்குள் நுழைந்துதானே போக வேண்டும்? அதனால் நடுவில் தூண் இல்லாமல் ஒற்றைக் கண்ணாக, நாலு மீட்டர் இடைவெளியில் கட்டுவதென்று முடிவானது. நடுத்தூண் வைத்தால் மேல்தளத்துக்குக் கம்பி குறையும், செலவும் குறையும். ஆனால் ஆகாயத்தாமரை வந்து அந்தத் தூணில்தான் சிக்கும். ஒரு கொத்து சிக்கினால் போதும், பின்னால் வருவதெல்லாம் அதில் சேர்ந்து இரண்டே நாளில் அணை மாதிரி ஆகிவிடும். அகலத்தை ஊர்க்காரர்களிடம் கேட்டேன். கதிர் அறுக்கிற பெல்ட் வண்டி போக வேண்டும் என்றார்கள். அந்த வண்டி பழைய பாலத்தில் ஏற முடியாமல் எத்தனையோ மைல் சுற்றி வந்துகொண்டிருந்ததாம். வாடகை மணிக்கணக்கு என்பதால் சுற்றி வருகிற நேரத்துக்கும் விவசாயிதான் காசு கொடுக்க வேண்டும்.

மார்ச் நடுவில் குழி வெட்டி, அடியில் சாதா கான்கிரீட் போட்டோம். அப்புறம் ஊரடங்கு. மே மாதம் திரும்பிப் போனபோது பொக்லைன் தூர்வாரிக்கொண்டே எங்கள் இடம்வரை வந்திருந்தது. புதுத் தரை சுத்தமாக, ஈரமாக, கறுப்பாகத் தெரிந்தது. அதற்கு நடுவில் நான் போட்ட கான்கிரீட் மட்டும் தனியாக மேடு கட்டி நின்றது.

லஸ்கர் அண்ணன் (மதகு திறப்பவரை அங்கே லஸ்கர் என்றுதான் சொல்வார்கள்) சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு இறங்கி வந்தார். ஓய்வு பெற ஒரு வருஷமோ என்னவோதான் பாக்கி. குனிந்து கையால் அளந்து பார்த்தார். மேடு சரியாக ஒரு சாண் உயரம் இருந்தது.

“சார், இது வாசப்படி மாதிரில்ல நிக்குது. தண்ணி எப்படி சார் போவும்?”

முக்கால் அடி. தப்பு என்னுடையது. பிப்ரவரியில் மட்டம் எடுத்தபோது, காய்ந்து கல்லாகிக் கிடந்த வண்டலையே வாய்க்காலின் அசல் தரை என்று நம்பிவிட்டேன். வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரிகிற இடத்தில் இருக்கும் தலைப்பு மதகின் அடித்தளத்திலிருந்து மட்டத்தைக் கொண்டுவந்து, சரிவைக் கழித்துப் பார்த்திருக்க வேண்டும். அது மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வெயிலில் நடக்கச் சோம்பல்பட்டேன். முழு ஓட்டத்திலேயே அந்த வாய்க்காலில் மூன்றடித் தண்ணீர்தான் வரும். அதில் முக்கால் அடியைப் படியாகக் கட்டினால் டெல்டாவின் தட்டையான தரையில் மேலே நெடுந்தூரத்துக்குத் தண்ணீர் தேங்கும். கீழே உள்ள வயல்களுக்கு எட்டாது. தூர்வாரியதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

ஒப்பந்தக்காரர், “ரெண்டு பக்கமும் சரிவா பூசிவிட்டுடலாம் சார், தெரியாது” என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. காலையில் மேலதிகாரிக்கு போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னேன். நிறையத் திட்டினார். கடைசியில், “உடைச்சுடு. இந்த தடவை மதகிலேர்ந்து லெவல் எடு” என்றார். உடைக்க இரண்டு நாள் ஆனது. லஸ்கர் அண்ணன் அளவுகோலைப் பிடித்தபடி மூன்று கிலோமீட்டரும் என்னோடு நடந்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் எண்ணித்தான் போனது. மே கடைசியில் மேல்தளம் வார்த்து, சாக்கை நனைத்துப் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் விட்டோம். எட்டு வருஷத்துக்குப் பிறகு குறித்த நாளில், ஜூன் 12 அன்று, மேட்டூர் திறக்கிறது என்ற செய்தியில் ஊரே சந்தோஷமாக இருந்தது. எனக்குச் சந்தோஷத்தோடு வயிற்றைக் கலக்கவும் செய்தது. மேல்தளத்தைத் தாங்கி நின்ற சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்ததும் முதல் வேலையாக, வண்டி போக வாய்க்காலின் குறுக்கே போட்டிருந்த மாற்றுப்பாதை மண்ணை அள்ளச் சொன்னேன். இதை அரைகுறையாக அள்ளிவிட்டுப் போகிற வழக்கம் உண்டு. பாலம் அழகாக நிற்கும், பக்கத்திலேயே மண் வரப்பு தண்ணீரை மறிக்கும். கடைசிச் சட்டி மண் கரையேறும்வரை நான் நகரவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம் தண்ணீர் வந்தது. முதலில் வந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. வைக்கோல், காய்ந்த சருகு, பழுப்பு நுரை எல்லாம் ஒரு விரல் உயரத்துக்கு உருண்டு வந்தன. தரை வெடிப்புகளில் இறங்கி, குமிழி விட்டு, நிரப்பிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் தயங்கின மாதிரி இருந்தது. நான் மூச்சுவிடவில்லை. அப்புறம் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது.

அண்ணன் கரையிலிருந்த பூவரசில் ஒரு இலையைப் பறித்து மேல்பக்கம் போட்டார். கைப்பிடிச் சுவரைத் தாண்டி மறுபக்கம் போய்க் குனிந்து நின்றார். இலை வெளியே வந்து, ஒரு சுற்று சுற்றி, கீழே போனது.

“சரி சார், நான் கீழ மதகைத் தூக்கிட்டு வர்றேன்” என்று சைக்கிளை எடுத்தார்.