அம்மா ஊருக்குப் போகவில்லை

என் தம்பிக்கு வயது 38. அவனுக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் அம்மா மாரடைப்பில் இறந்தபோது, துக்க வீட்டுக் கூட்டத்தைப் பார்த்தால் அவன் மிரண்டுவிடுவான் என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்டு, விடிவதற்கு முன்பே அவனைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். ஒரே மகனாகிய அவன் இருக்க, பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு திரும்பியவன், அம்மாவின் கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு “அம்மா எங்க?” என்று கேட்டான். “ஊருக்குப் போயிருக்காங்க” என்றேன்.

கும்பகோணத்திலிருந்து வரும் டவுன் பஸ் மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருமுனையில் நிற்கும். மழைக்காலத்தில் அம்மாவை அழைத்துவரக் குடையோடு அங்கே போய் நிற்பது அவனுடைய வேலையாக இருந்தது. மறுநாள் முதல், வெயில் காய்ந்த நாட்களிலும் அவன் குடையை எடுத்துக்கொண்டு போனான். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பான். பஸ் கிளம்பிய பிறகும் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

சில மாதங்களில் அவன் தூக்கம் கெட்டது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தொடங்கினான். நாங்கள் அழைத்துச் சென்ற மருத்துவர், “இவங்களுக்கு அப்பப்ப இப்படித்தான் வரும்” என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடிப்பது குறைந்தது உண்மைதான். ஆனால் நாள் முழுவதும் எச்சில் வழிய, அரைத் தூக்கத்தில் கிடந்தான். வீட்டில் ஏதேனும் நடந்ததா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

ஒருவருக்கு அறிவுசார் குறைபாடு இருப்பது தெரிந்துவிட்டால், அவருடைய அழுகை, கோபம், பயம், உடல்வலி எல்லாவற்றுக்கும் அந்தக் குறைபாட்டையே காரணமாகக் காட்டிவிடும் பழக்கத்தை, ஸ்டீவன் ரைஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1982ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து அதற்குப் பெயரும் வைத்தார்கள். குறைபாட்டின் நிழல் விழுந்து உண்மையான துன்பம் கண்ணுக்குத் தெரியாமல் போவது என்று அதைத் தமிழில் சொல்லலாம். 1997இல் இங்கிலாந்தில் ஷீலா ஹாலின்ஸ் அம்மையாரும் மற்றொருவரும், தாயையோ தந்தையையோ இழந்த இத்தகைய 50 பேரை ஆராய்ந்தபோது, அவர்களுடைய நடத்தை மாற்றங்களுக்கு அந்த இழப்பே காரணமாக இருக்கலாம் என்பது உடனிருந்து கவனித்தவர்களுக்கே தோன்றவில்லை எனத் தெரியவந்தது. அதைப் படித்தபோது எங்கள் வீட்டை யாரோ எட்டிப் பார்த்து எழுதியதுபோல இருந்தது.

நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அறிவுசார் குறைபாட்டை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை. அது சரியான பிரிவினைதான், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் குறைபாடு உள்ளவருக்கும் மனச்சோர்வு வரும், பதற்றம் வரும், துக்கம் வரும் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றவே இல்லை. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு உளவியலாளர் என்றால், அடையாள அட்டைக்காக ஐ.க்யூ. சோதனை எடுப்பவர் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

தம்பி போய்வரும் பகல்நேர மையத்தின் சிறப்பாசிரியை வழியாகத்தான் ஒரு மருத்துவ உளவியலாளர் அறிமுகமானார். முதலில் பல், காது, வயிறு மூன்றையும் பரிசோதித்துவிட்டு வரச் சொன்னார். வலியை வாயால் சொல்லத் தெரியாதவர்கள் தங்களை அடித்துக்கொள்வது உண்டாம். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி இருந்தது. அதைச் சரிசெய்த பிறகுதான் அவர் பேச்சைத் தொடங்கினார்.

இறப்பைச் சொல்லத் தமிழில் எத்தனை மறைமொழிகள் இருக்கின்றன! காலமானார், தவறிவிட்டார், சாமிகிட்டப் போய்விட்டார். கேட்பவர் மனம் நோகக்கூடாது என்ற கனிவில் பிறந்த சொற்கள்தான் இவை. ஆனால் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு, போனவர் திரும்பி வருவார் என்றுதான் பொருள். “இறந்துட்டாங்க, செத்துட்டாங்க என்று நேராகவே சொல்லுங்கள்” என்றார் அந்த உளவியலாளர். அவனோடு தரையில் உட்கார்ந்து அம்மாவின் புகைப்படங்களை வரிசையாக வைத்து, அம்மாவின் உடம்பு நின்றுவிட்டது, இனி பசிக்காது, வலிக்காது, திரும்பி வர முடியாது என்றார். அவன் அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். ஒரு சொல்கூட மாறாமல் அவரும் அதையே திரும்பச் சொன்னார்.

நான்காவது சந்திப்பிலோ ஐந்தாவதிலோ முகங்கள் வரைந்த அட்டைகளை அவன் முன் பரப்பினார். அழுகிற முகத்தைத் தொடுவான் என்று நான் எதிர்பார்த்தேன். கோப முகத்தைத் தொட்டான். யார் மேல் என்று கேட்டதற்கு என்னைக் காட்டி, “அக்கா பொய்” என்றான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றுதான் அவன் அழுதான். அம்மா இறந்து பதினோரு மாதங்கள் ஆகியிருந்தன.

மாத்திரையின் அளவு, மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. முதல் ஆண்டுத் திதியன்று காவிரிப் படித்துறையில் அவனே எள்ளும் தண்ணீரும் இறைத்தான். புரோகிதர் சொன்ன மந்திரம் அவன் வாயில் நுழையவில்லை. ‘அம்மா’ என்று மட்டும் சொன்னான், புரோகிதரும் போதும் என்றுவிட்டார். ஐந்தரை மணி பஸ்ஸுக்கு இப்போது அவன் போவதில்லை.

போன மாதம், “அக்கா செத்தா?” என்று கேட்டான். அபசகுனமாகப் பேசாதே என்று வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டேன். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கத் தாள்களைச் சேர்த்து வருகிறேன். ஆனால் அவன் கேட்டது அதை அல்ல. “அக்கா செத்துப்போனா பாப்பா உன்கூட இருப்பா” என்றேன். அவன் எழுந்து போய், உள்ளே படித்துக்கொண்டிருந்த என் மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, கதவுக்குப் பின்னால் குடை மாட்டியிருக்கும் ஆணியைக் காட்டினான்.