ஊதச் சொன்ன இரவு

டிசம்பர் 30

நாளை ராத்திரி, குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவர்களிடமிருந்து எனக்குப் போன் வரும். வக்கீலான நாளிலிருந்து எந்தப் புத்தாண்டும் தப்பியதில்லை. அந்த நேரத்தில் நடுரோட்டில் நிற்கிறவனுக்குச் சட்டம் விளக்க முடியாது என்பதால் இன்றே எழுதுகிறேன்.

குடித்தால் வண்டியைத் தொடாதீர்கள். விபத்தில் செத்தவர்களின் குடும்பங்களுக்காகக் கோர்ட்டில் நின்றிருக்கிறேன். இதைச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக மனசு வரவில்லை.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு பாயும். முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு வருஷம் வரை, அல்லது 15,000, அல்லது இரண்டும்.

ஜனவரி 1, விடிகாலை

பக்கத்துத் தெருப் பையன். வயசு 24. மேம்பாலங்களை மூடிவிட்டதால் சுற்றிக்கொண்டு வந்தவனைப் போலீஸார் கடற்கரைப் பக்கம் மடக்கி, மூச்சில் ஆல்கஹால் அளக்கும் மெஷினில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, ஊத மாட்டேன்னு சொல்லிடவா? அப்படிச் சொன்னா கேஸ் நிக்காதுன்னு ஃப்ரெண்டு சொல்றான்."

வேண்டாம் என்றேன். குடித்திருப்பதாகச் சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்து, ஊதவும் மறுத்தால் 203வது பிரிவில் கைது செய்யலாம். மறுத்ததையே 205வது பிரிவு அவனுக்கு எதிராகத் திருப்பும். "ஊது. ஆனா மெஷின்ல பூஜ்யம் காட்டுதான்னு பாரு, புதுக் குழாய் போடச் சொல்லு. மவுத்வாஷ், இருமல் டானிக் ஏதாவது இப்பதான் வாயில ஊத்தியிருந்தா அதைச் சொல்லி, கால் மணி நேரம் கழிச்சு ஊதறேன்னு கேளு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பூஜ்யம் பார்த்தேன். குழாய் புதுசு. 48 அக்கா."

போனேன். அவன் கையில் ஒரு படிவம். நேரம், மெஷின் காட்டிய எண் இரண்டும் காலி; கீழே மட்டும் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். நிரப்பிக் கொடுங்கள், போடுவான் என்றேன். சலிப்போடு வாங்கி 48 என்று எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறந்தான்.

வண்டிக்குத்தான் பெரிய வாக்குவாதம். குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டும், பறிக்கக் கூடாது என்று 2021ல் தெலங்கானா உயர் நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "அது தெலங்கானா மேடம்" என்றார் அதிகாரி. அவர் சொன்னதும் சரிதான், இங்கே அது கட்டாயமில்லை. கடைசியில் பையனின் அப்பா லுங்கியோடு, ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் லைசென்ஸ் என்று வந்து நின்றார். அவரையும் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். பையனை அவர் திட்டவில்லை. பின்னால் ஏறு என்றார், அவ்வளவுதான்.

இவனைக் கைது செய்யவில்லை. செய்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதித்திருக்க வேண்டும், தவறினால் விட்டுவிட வேண்டும் என்கிறது 202வது பிரிவு. விடுவது காவலிலிருந்துதான், வழக்கிலிருந்து இல்லை; பலரும் குழம்புகிற இடம் இது. ஜாமீன் தரக்கூடிய குற்றம், அதைக் கேட்டு வாங்கலாம். பெண்ணுக்கு ஆண் டாக்டர் ரத்தம் எடுத்தால் இன்னொரு பெண் கூட இருந்தே ஆக வேண்டும்.

ஜனவரி 1, சாயங்காலம்

பையனின் அம்மா வந்தார். யாரோ 2,000 ரூபாயில் முடித்துத் தருகிறானாம். 185 சமரசத்துக்கு உட்பட்ட குற்றம் இல்லை, ரோட்டில் முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ரசீது இல்லாத பணம் லஞ்சம். கொடுக்காதீர்கள் அம்மா என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

ஜனவரி 2

ஒரு கால் டாக்ஸி அண்ணன். ராத்திரி ஒரு மணிக்குக் குடிப்பதை நிறுத்தி, தூங்கி, குளித்து, காலை ஆறு மணிக்கு வண்டி எடுத்தவர் மாட்டிக்கொண்டார். 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் அளவில்தான் உடம்பு கழிக்கும். 120 ஏறியிருந்தால் ஐந்து மணி நேரத்தில் 45க்குத்தான் இறங்கியிருக்கும். குளியலும் சுக்குக் காப்பியும் அதை வேகப்படுத்தாது. அவர் பொய் சொல்லவில்லை. தெளிந்துவிட்டதாகவே நம்பியிருக்கிறார்.

ஜனவரி 8

பையனோடு கோர்ட். குற்றத்தை மறுத்து வழக்கு நடத்தவும் உனக்கு உரிமை உண்டு, மெஷினை அளவு சரிபார்த்த சான்றிதழைக் கேட்கலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்றேன். என்னைப் போல் தெரிந்தவர் இல்லாதவர்கள் 15100க்கு அடித்தால் சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.

"குடிச்சது நிஜம்தானே அக்கா" என்றான். ஒப்புக்கொண்டான். 10,000 கட்டி ரசீது வாங்கினோம். அப்பாவின் சீட்டுப் பணம் அது.

ஜனவரி 22

ஆர்டிஓ நோட்டீஸ் வந்திருக்கிறது. குடித்து ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் 19வது பிரிவின்படி நம் பக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பதில் எழுத உட்கார்ந்தோம்.

"கொஞ்சமா குடிச்சிருந்தான்னு போடலாமா?" என்று அம்மா கேட்டார்.

பையன் தாளைத் தன் பக்கம் இழுத்து, 48 என்று எழுதினான்.