அமாவாசைல ஒரு விளக்குப் பண்டிகை

எருசலேம்ல எதிர்வீட்டுப் பாட்டிக்கு அன்னிக்கு ஏக அவசரம். வெள்ளிக்கிழமை நாலு மணி, சபாத் (யூதர்களோட வாராந்தர ஓய்வுநாள்) விளக்குக்கு முன்னாடியே, அவங்க விளக்குப் பண்டிகையான ஹனுக்காவோட விளக்கை ஏத்தியாகணும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஆலிவ் எண்ணெயில, ஆறாம் நாளுக்கு ஆறு திரி. வானத்துல நிலாவே இல்ல.

யூத நாட்காட்டியில கிஸ்லேவ் மாசம் 25-ல தொடங்கி எட்டு நாள் பண்டிகை. நடுவுலயே அமாவாசையை ஒட்டி அடுத்த மாசமான தேவேத் பிறந்துடும். கிஸ்லேவுக்கு 30 நாள் வந்தா, அந்த 30-ம் தேதியும் மறுநாளும் சேர்ந்து மாசப் பிறப்பே ரெண்டு நாள் (எனக்கு இந்தக் கணக்கு பிடிபடவே ரெண்டு வருஷம் ஆச்சு!).

மறுநாள், 2025 டிசம்பர் 20: சபாத், ஹனுக்கா, மாசப் பிறப்பு மூணும் ஒண்ணா. ஜெப ஆலயத்துல ஒரு தோரா (யூத வேதம்) சுருள் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணா மூணு. மாசப் பிறப்புக்குச் சுருக்கிப் பாடுற ஹல்லேல்ங்கற துதிச் சங்கீதங்களை, ஹனுக்காங்கறதால அன்னிக்கு முழுசாப் பாடினாங்க.

அதனால பாட்டி சாப்பாட்டுக்கு வர லேட்டு.