மூன்று கணினியில் கியூஎமு: ஒரு ‘நோ’ தின்ற இரண்டு இரவு

எங்கள் குழுவில் எனக்கு உபுண்டு, ஒருவருக்குப் பழைய இன்டெல் மேக், இன்னொருவருக்கு விண்டோஸ். ஒரே டெபியன் லினக்ஸ் இமேஜ் (டிஸ்க் நகல் ஃபைல்) மூன்றிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்பதற்காக கியூஎமு 8.2-ஐ (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) சோர்ஸிலிருந்து நாங்களே கம்பைல் செய்தோம்.

உபுண்டுவில் கம்பைல் சுலபமாக முடிந்தது. டார்கெட் லிஸ்ட்டில் (எந்த ப்ராசஸர் வகைகளுக்குக் கட்ட வேண்டும் என்ற பட்டியல்) உங்களுக்கு வேண்டியதை மட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆர்ம், மிப்ஸ், ஸ்பார்க் என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டே இருக்கும்.

டெபியன் பூட் ஆனது. உள்ளே நெட்வொர்க் கார்டும் தெரிந்தது. ஆனால் ஐபி முகவரி வரவேயில்லை. கோளாறு டெபியனில்தான் என்று நம்பி, டிஎச்சிபி (ஐபி முகவரியைத் தானாகப் பெறும் முறை) அமைப்பை மாற்றி மாற்றி எழுதியே இரண்டு இரவு போனது. மூன்றாம் நாள் நெட்டெவ் யூசர் (‘யூசர்’ வகை நெட்வொர்க் வேண்டும் என்று சொல்லும் ஆப்ஷன்) என்று வெளிப்படையாகக் கொடுத்துப் பார்த்தேன். அந்த வசதி இந்த பைனரியிலேயே இல்லை என்று பட்டென்று பதில் வந்தது!

காரணம் லிப்ஸ்லர்ப், அதாவது அந்த யூசர் நெட்வொர்க்கைத் தரும் லைப்ரரி. முன்பு அது கியூஎமு சோர்ஸோடு சேர்ந்தே வரும். 7.2-இலிருந்து நாம்தான் தனியாக நிறுவ வேண்டும். அது இல்லாவிட்டால் கான்ஃபிகர் (கம்பைலுக்கு முன் தேவையானவை இருக்கின்றனவா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட்) நிற்காது. அந்த வசதியை விட்டுவிட்டு மேலே போய்விடும். மேலே ஸ்க்ரோல் செய்து பார்த்தேன். கான்ஃபிகர் கடைசியில் காட்டிய சுருக்கப் பட்டியலில், நூறு வரிகளுக்கு நடுவே ‘ஸ்லர்ப் சப்போர்ட்: நோ’ என்று இருந்தது. இரண்டு இரவும் அந்த வரி என் திரையிலேயேதான் இருந்திருக்கிறது. தயவுசெய்து எனேபிள் ஸ்லர்ப் என்று சொல்லியே கான்ஃபிகர் செய்யுங்கள். லைப்ரரி இல்லையென்றால் அங்கேயே எர்ரர் வந்து நின்றுவிடும். அப்படி நிற்பதுதான் நமக்கு நல்லது.

அப்புறம் மேக். ஓடியது, ஆனால் எச்விஎஃப் (வேகமாக ஓட்ட மேக் தரும் ஹைப்பர்வைசர் வசதி) கேட்டதும் ‘எச்வி டினைட்’ என்று அனுமதி மறுத்தது. நண்பர் பில்ட் ஃபோல்டரிலிருந்து ‘அன்சைன்ட்’ என்று முடியும் ஃபைலை எடுத்துவிட்டார். ஹைப்பர்வைசர் அனுமதி கையெழுத்திட்ட ஃபைலில்தான் இருக்கும். பக்கத்திலேயே இருந்த மற்றொன்றை எடுத்ததும் சரியானது.

விண்டோஸில் எம்சிஸ்2 (லினக்ஸ் பாணியில் கம்பைல் செய்ய உதவும் தொகுப்பு) போட்டு, கியூஎமுவுக்குத் தேவையான ஜிலிப் லைப்ரரியை நிறுவியும் ‘ஜிலிப் இல்லை’ என்றே வந்தது. எம்சிஸ்2-இல் உள்ள யூசிஆர்டி64 என்ற சூழலுக்கான பாக்கேஜ்களை நிறுவிவிட்டு, சாதாரண எம்சிஸ் ஷெல்லைத் திறந்திருந்தோம். ஐகானைப் பார்த்துத் திறக்காதீர்கள், ப்ராம்ப்ட்டில் எந்தப் பெயர் வருகிறது என்று பாருங்கள். வேகம் வேண்டுமென்றால் விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ‘விண்டோஸ் ஹைப்பர்வைசர் ப்ளாட்ஃபார்ம்’ டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். எக்ஸ்இ-யை ஷெல்லுக்கு வெளியே திறந்தால் டிஎல்எல் (அது ஓடத் தேவையான லைப்ரரி ஃபைல்கள்) இல்லை என்று சொல்லும். அவற்றையும் அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

மூன்று டெபியனிலும் ஏப்ட் அப்டேட் (நெட்டிலிருந்து பாக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓடி முடிந்தபோது ராத்திரி மணி 1. இப்போதெல்லாம் கான்ஃபிகர் முடிந்ததும் அந்தச் சுருக்கப் பட்டியலை முதலில் குழுவில் போட்டுவிடுகிறோம். மூவரும் பார்த்த பிறகுதான் நிஞ்சா, அதாவது கம்பைலைத் தொடங்கும் கட்டளை.